சிங்கப்பூர்ப் பிடி: ஒரு தொலைக்காட்சி நாடகமும் நம் தோட்டத்து வரலாறும்



செமிலிங்கில் மாலை ஆறரை மணி என்றால் எப்படி இருக்கும் என்பது இந்தப் பேச்சைக் கேட்கும் பலருக்குத் தெரியும். ஜெராய் மலையின் தலையில் மேகம் இறங்கியிருக்கும். மெர்போக் சாலையில் மோட்டார் சைக்கிள்கள் வீடு திரும்பும். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சிப் பெட்டி பேசத் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட ஒரு மாலையில்தான் என் மகள், தன் கைபேசியிலிருந்து எதையோ பெட்டியோடு இணைத்து, "பாட்டி, இது ரப்பர் கம்பெனிக் கதை, வந்து பாருங்க" என்று என் தாயாரை அழைத்தாள். அம்மா முப்பத்தோராண்டு பால்மரம் வெட்டியவர். ரப்பர் என்ற சொல்லைக் கேட்டால் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு வரக்கூடியவர். வந்து உட்கார்ந்தார். ஆங்கில நாடகம் ஆதலால் நான் பக்கத்தில் இருந்து பொருள் சொன்னேன்.

ஒரு மணி நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏன்டா, இந்தக் கம்பெனிக்கு அத்தனை தோட்டம் இருக்குன்னு சொல்றியே, மரத்தை யாருடா வெட்டினா?"

இன்றைய பேச்சு அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

நாங்கள் பார்த்த நாடகத்தின் பெயர் 'த சிங்கப்பூர் கிரிப்'. தமிழில் 'சிங்கப்பூர்ப் பிடி' என்று சொல்லிக்கொள்ளலாம். இங்கிலாந்தின் ஐ.டி.வி. தொலைக்காட்சியில் 2020 செப்டம்பர் முதல் ஆறு பகுதிகளாக ஒளிபரப்பானது. கிறிஸ்டோபர் ஹாம்ப்டன் என்ற புகழ்பெற்ற நாடகாசிரியர் எழுத, டாம் வாகன் இயக்கினார். கதை நடப்பது சிங்கப்பூரில், 1941, 1942 ஆம் ஆண்டுகளில். ஆனால் படம் பிடித்தது நம் மலேசியாவில். இன்றைய சிங்கப்பூரில் பழைய சிங்கப்பூரைத் தேடினால் கிடைப்பது எளிதல்ல அல்லவா?

இது ஹாம்ப்டன் புதிதாகக் கற்பித்த கதை அன்று. 1978-ல் ஜே. ஜி. ஃபாரல் எழுதிய நாவலைத் தழுவியது. ஃபாரல் 1935-ல் லிவர்பூல் நகரில் பிறந்தவர். ஆங்கிலப் பேரரசு எப்படிச் சரிந்தது என்பதை மூன்று நாவல்களில் எழுதினார். முதலாவது 1970-ல் வந்தது, அயர்லாந்தைப் பற்றியது. இரண்டாவது 1973-ல் வந்தது, 1857 ஆம் ஆண்டு இந்தியப் பெருங்கிளர்ச்சியைப் பற்றியது. மூன்றாவதுதான் சிங்கப்பூரையும் ரப்பரையும் பற்றிய இந்தப் பெரிய நூல். இதை வெளியிட்ட மறு ஆண்டே, 1979 ஆகஸ்டில், அயர்லாந்துக் கடற்கரைப் பாறையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது அலை இழுத்துப் போக, நாற்பத்து நான்காம் வயதில் இறந்துபோனார்.

இரண்டாவது நாவலுக்கு அவருக்குப் புக்கர் பரிசு கிடைத்தது. அதைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பரிசை அந்நாளில் வழங்கியது புக்கர் மெக்கானல் என்ற வணிக நிறுவனம். தென்னமெரிக்காவின் கயானா நாட்டில் கரும்புத் தோட்டங்களால் வளர்ந்த நிறுவனம் அது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததியார். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழர்களும் அவர்களில் உண்டு. ஃபாரல் பரிசை வாங்கிக்கொண்டு, அந்த விருந்திலேயே எழுந்து நின்று முதலாளித்துவத்தைச் சாடினார். சோறு போட்டவன் வீட்டில் குறை சொல்லலாமா என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். அந்தச் சோறு யார் விளைத்தது என்பதை அந்த மனிதர் யோசித்தார். அடுத்த நாவலுக்காக 1975-ல் சிங்கப்பூருக்கு நேரில் வந்து சுற்றிப் பார்த்தார். கட்டுக்கட்டாக வரலாற்று நூல்களைப் படித்தார். தாம் படித்த நூல்களின் பட்டியலை நாவலின் முடிவில் அச்சிட்டும் வைத்தார். நாவலாசிரியர்கள் பொதுவாகச் செய்யாத காரியம் இது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாக்கெட் அண்ட் வெப் என்பது சிங்கப்பூரில் உள்ள ஒரு பெரிய வணிக நிறுவனம். பர்மாவில் அரிசி வியாபாரத்தில் தொடங்கி ரப்பரில் கொழுத்தது. பங்காளிகளில் மூத்தவரான வெப் நோயில் விழுந்து காலமாகிறார். அவருடைய மகன் மாத்யூ இங்கிலாந்திலிருந்து வருகிறான். உலக நாடுகள் எல்லாம் ஒற்றுமையாக வாழும் என்று நம்புகிற வெள்ளை மனத்தவன். மற்றொரு பங்காளியான வால்டர் பிளாக்கெட், பங்கு கையைவிட்டுப் போகாதிருக்கத் தம் மகள் ஜோனை அவனுக்குக் கட்டி வைக்கப் பார்க்கிறார். மாத்யூவின் மனமோ வீரா சியாங் என்ற சீனப் பெண்ணிடம் போகிறது. இதற்கிடையில் கம்பெனியின் பொன்விழா வருகிறது. ஜப்பானியர் வடக்கே இறங்கிவிட்ட பிறகும் வால்டருக்கு விழா ஊர்வலத்தில் எந்த அலங்கார வண்டி முன்னே போக வேண்டும் என்ற கவலை தீரவில்லை. குண்டு விழுகிறது. நகரம் எரிகிறது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைகிறது.

இதை அங்கத நாடகம் என்பார்கள். நேராகத் திட்டாமல், திட்ட வேண்டிய ஆளையே மேடையேற்றிப் பேசவிட்டு, அவன் வாயாலேயே அவன் குட்டு உடையச் செய்வது. நம் தெருக்கூத்துக் கட்டியங்காரன் ராஜாவைப் புகழ்ந்தபடியே கவிழ்ப்பானே, அந்த வகை. நாடகத்தின் தலைப்பாகிய 'பிடி' என்ன என்று பாத்திரங்கள் ஆளுக்கொரு பொருள் சொல்லிக்கொண்டே வருகிறார்கள். நோயின் பெயரோ, பெட்டியின் பெயரோ என்றெல்லாம் குழம்புகிறார்கள். கடைசியில் அது ஒரு நாட்டின் குரல்வளையை வணிகம் பிடித்த பிடிதான் என்பது மாத்யூவுக்கு விளங்குகிறது.

அந்தப் பிடி எப்படிப்பட்டது? நாடகத்தில் கிண்டலாக வருவதை நாம் கணக்காகப் பார்க்க வேண்டும்.

ரப்பர் நம் மண்ணின் மரம் அன்று. 1876-ல் பிரேசில் காட்டிலிருந்து ஹென்றி விக்கம் என்பவர் எழுபதாயிரம் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் இருபத்திரண்டு 1877-ல் சிங்கப்பூருக்கு வந்தன. மரத்தைக் கொல்லாமல் பட்டையை நாள்தோறும் மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை, 1888-ல் சிங்கப்பூர் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி செம்மைப்படுத்தினார். மோட்டார் வண்டி வந்தது, டயர் வந்தது, ரப்பர் விலை 1910-ல் வானத்தைத் தொட்டது. விலை ஏறினால் மரம் நடுவார்கள். நட்ட மரம் பால் தர ஆறேழு ஆண்டு ஆகும். அதற்குள் விலை இறங்கியிருக்கும். ஆகவே எல்லாரும் சேர்ந்து உற்பத்தியைக் குறைத்து விலையை நிமிர்த்துவது என்று 1922-ல் ஸ்டீவன்சன் திட்டம் வந்தது, 1928-ல் முடிந்தது. பின்னர் 1934-ல் பல நாடுகள் சேர்ந்து மற்றோர் ஒப்பந்தம் செய்தன. எந்தத் தோட்டம் எவ்வளவு ரப்பர் விற்கலாம் என்று அளவு வகுத்தார்கள். பெரிய கம்பெனிகளுக்குத் தாராளமாகவும், நாலைந்து ஏக்கர் வைத்திருந்த கம்பத்துச் சிறு தோட்டக்காரருக்குக் கஞ்சத்தனமாகவும் அந்த அளவு வகுக்கப்பட்டது.

இது முதலாளிகளின் கணக்கு. தொழிலாளியின் கணக்கு வேறு. 1930-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எஞ்சியவர்களின் கூலி வெட்டப்பட்டது. 1936 இறுதியில் சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் வந்து தோட்டங்களைப் பார்வையிட்டு, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் தர வேண்டும் என்று பரிந்துரைத்தார். அதாவது, பழைய கூலியைத் திருப்பிக் கொடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. அதற்கே பலர் முகம் சுளித்தார்கள். 1938-ல் விலை இறங்கியதும் கூலியை மீண்டும் குறைத்தார்கள். இந்திய அரசு அவ்வாண்டு ஜூன் 15 முதல் மலாயாவுக்குத் தொழிலாளர்களை உதவியுடன் அனுப்புவதை நிறுத்திவிட்டது.

நேயர்களே, கூலி வெட்டியதை எண்ணிச் சொல்லலாம். அன்றாட இழிவை எந்தக் காசில் எண்ணுவது? விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுக்க வேண்டும். கங்காணிக்கு ஒரு பங்கு, கடைக்காரனுக்கு ஒரு பங்கு. கையில் நின்றதைக் கள்ளுக்கடை வாங்கிக்கொள்ளும். அந்தக் கள்ளுக்கடையும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. சைக்கிளில் போகும் தொழிலாளி, துரை எதிரே வந்தால் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். துரை மட்டுமல்ல, கிராணி எதிரே வந்தாலும்தான்.

இந்த இடத்தில் கெடாவை விட்டுச் சற்றுத் தெற்கே, சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்துக்குப் போக வேண்டும். ஏனெனில் நாடகத்தின் கதை தொடங்குகிற அதே 1941 ஆம் ஆண்டில் அங்கே ஒரு பெரிய காரியம் நடந்தது. போருக்காக ரப்பர் தேவை கூடி விலை ஏறியது. சீனத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்ந்தது. அதே மரத்தை அதே கத்தியால் வெட்டிய தமிழருக்கு அவ்வளவு உயரவில்லை. பத்திரிகையாளரான ஆர். எச். நாதன் முதலானோர் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியாகத் தொழிலாளர்களைத் திரட்டினார்கள். அவர்களுடைய கோரிக்கைகளை இன்று படித்தாலும் மனம் நிற்கிறது. சீனருக்குச் சமமான கூலி, கொடுமைக்கார மேலாள்களை நீக்குதல், பிள்ளைகளுக்குப் பள்ளி, முறையான வைத்தியம், கள்ளுக்கடைகளை மூடுதல், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்து பார்க்க உரிமை, குறையைச் சொன்னவனைத் தண்டிக்காமை. இவற்றோடு, துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழித்தல்.

கவனியுங்கள். இந்தப் பட்டியலில் கூலி ஒன்றுதான் காசு சம்பந்தப்பட்டது. மற்றவை மனிதனாக நிற்பது சம்பந்தப்பட்டவை.

மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். வேலைநிறுத்தம் தோட்டத்துக்குத் தோட்டம் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. படை வந்தது, துப்பாக்கி வெடித்தது. தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அப்போது ஜப்பானியர் இந்த நாட்டில் கால் வைக்க ஏழு மாதமே இருந்தது. ரப்பர் இல்லாமல் போரை நடத்த முடியாது என்று சொன்ன அரசாங்கம், அந்த ரப்பரை எடுத்த கையின் மேல்தான் முதலில் சுட்டது.

ஃபாரலின் நாவலில் வேலைநிறுத்தம் முதலாளி வால்டருக்கு ஒரு தலைவலியாக வருகிறது. அது அங்கதத்துக்குப் பொருந்துகிறது. வால்டரின் கண்ணால் பார்த்தால் அது தலைவலிதான். ஆனால் தலைவலி தந்தவர்கள் யார், அவர்கள் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்று கதை உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. நாவலிலும் நாடகத்திலும் முதலாளி உண்டு, அவர் பிள்ளைகள் உண்டு, படைத்தலைவர் உண்டு, பிரெஞ்சுக்காரர், அமெரிக்கர், சீனப் பெண் எல்லாரும் உண்டு. முக்கியப் பாத்திரங்களில் ஒருவர்கூடத் தோட்டத்துத் தமிழர் இல்லை. அம்மா கேட்டது இதைத்தான்.

இனி நம் கெடாவுக்கு வருவோம். சிங்கப்பூர் மாளிகைகளில் போர் ஒரு வதந்தியாக இருந்தபோது நமக்கு அது வாசலில் வந்து நின்றது. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவிலும், தாய்லாந்தின் சிங்கோரா, பட்டாணிக் கரைகளிலும் இறங்கினார்கள். அன்றே சுங்கைப் பட்டாணி விமானத் தளத்தில் குண்டு விழுந்தது. எல்லையைத் தாண்டி வந்தவர்களை ஜித்ராவில் தடுப்பதென்று பதினோராவது இந்திய டிவிஷன் காத்திருந்தது. இந்திய வீரர்களும், கூர்க்காக்களும், ஆங்கிலேயரும் கலந்த படை. மழையோ மழை, பதுங்கு குழிகளில் தண்ணீர் நின்றது. மாதக்கணக்கில் எதிரியை நிறுத்திவைக்க வேண்டிய அரண் என்று சொல்லப்பட்டது, 11 ஆம் தேதி தொடங்கிய சண்டையில் 13 ஆம் தேதிக்குள் கைவிடப்பட்டது. அடுத்து குருண். நம் ஜெராய் மலையின் கிழக்கு அடிவாரம். 15 ஆம் தேதி விடியலில் அங்கும் உடைந்தது. மறுநாள் படை மூடா ஆற்றுக்குத் தெற்கே போய்விட்டது. ஒரு வாரத்தில் கெடா முழுவதும் கை மாறிவிட்டது.

ஜப்பானியக் காலாட்படையில் பலர் வந்தது சைக்கிளில் என்பதை எல்லா வரலாற்று நூல்களும் எழுதியிருக்கின்றன. தோட்டத்துத் தமிழன் எந்தச் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டியிருந்ததோ, அந்தச் சைக்கிளிலேயே வந்து துரைமாரை விரட்டிவிட்டார்கள். என் பாட்டி இதைச் சொல்லும்போது சிரிப்பார். உடனே சிரிப்பை நிறுத்திக்கொள்வார். ஏனென்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பினாங்கில் நடந்ததையும் சொல்ல வேண்டும். டிசம்பர் 11 அன்று ஜார்ஜ் டவுன் மீது குண்டு வீசினார்கள். 16 ஆம் தேதி இரவு ஐரோப்பியரை மட்டும் ஓசையின்றிக் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் காலையில் எழுந்து பார்த்தபோது அதிகாரி ஒருவரையும் காணோம். இதற்குப் பிறகு சிங்கப்பூர் வானொலியில் பேசிய அமைச்சர் டஃப் கூப்பர், பினாங்கு மக்கள் பத்திரமாக வெளியேற்றப்பட்டுவிட்டார்கள் என்று பொருள்படும்படி சொன்னார். மக்கள் என்றால் அவருக்கு யார் என்பது அந்தப் பேச்சிலிருந்து ஊருக்கே தெரிந்துவிட்டது. வானொலியில் பேசுகிற எனக்கு அது நினைவுக்கு வரும்போதெல்லாம் ஒலிவாங்கியின் முன் சற்று அச்சமாகத்தான் இருக்கிறது.

கெடாவின் தோட்டங்களிலும் துரைமார் போன பிறகு தொழிலாளர் மட்டும் எஞ்சினர். ரப்பரை வாங்க ஆளில்லை. அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்கைத் தின்றார்கள், சாக்கைக் கிழித்து உடுத்தினார்கள். நாடகம் 1942 பிப்ரவரியோடு திரையை இறக்கிவிடுகிறது. நம் கதையின் கொடிய பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட ஜப்பானியருக்கு ஆள் தேவைப்பட்டது. நல்ல சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று ஆசை காட்டினார்கள். ஆசைக்கு மயங்காதவரைப் பிடித்துப் போனார்கள். கெடாவின் ரயில் நிலையங்கள் வழியாகத்தான் அந்தச் சரக்கு வண்டிகள் வடக்கே சென்றன. மலாயாவிலிருந்து போன தொழிலாளர் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் என்று போருக்குப் பின் கணக்கிட்டார்கள். பெரும்பாலோர் தமிழர். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரவர் அங்கேயே மாண்டார்கள். பாட்டியின் அண்ணன் ஒருவர் அப்படிப் போனவர்தான். திரும்பவில்லை. அவருக்குத் திதி கொடுக்கத் தேதி தெரியாமல், ஆடி அமாவாசையன்றே படைத்து வந்தோம்.

இந்தப் பாதையைப் பற்றியும் ஓர் உலகப் புகழ் பெற்ற படம் உண்டு. பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் 1952-ல் எழுதிய நாவலைக் கொண்டு, டேவிட் லீன் 1957-ல் எடுத்த 'குவாய் நதிப் பாலம்'. அதை இலங்கையின் கித்துல்கலையில் படம் பிடித்தார்கள். பூலும் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர்தான். ஆயினும் அந்தக் கதை போர்க்கைதிகளான ஆங்கிலேயரின் கதை. அவர்கள் பட்ட பாடும் பெரிதுதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அறுபதாயிரம் கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவருக்குப் பெயர்ப் பட்டியல்கூட ஒழுங்காக இல்லை.

நம்மவரும் எழுதாமல் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்துப் போன அகிலன் 'பால்மரக்காட்டினிலே' எழுதினார். ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார். அ. ரெங்கசாமி அதே துயரத்தை 'நினைவுச்சின்னம்' என்ற நாவலாக்கினார். ஃபாரல் நூலகத்தில் தேடிப் படித்து எழுதியதை, இங்குள்ளவர்கள் திண்ணையில் பாட்டன் சொல்லக் கேட்டு எழுதினார்கள். நடையழகில் ஃபாரல் மேலே நிற்கலாம். மங்கு எது, கோட்டுப்பால் எது, காண்டா எந்தத் தோளில் தழும்பு போடும் என்பது அவருக்குத் தெரியாது.

போர் முடிந்த பிறகு எழுந்த கதை ஒன்று செமிலிங்குக்கு மிக அருகிலேயே நடந்தது. பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் 1946-ல் தொண்டர் படை கிளம்பியது. சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக மீண்டவர்களும், நேதாஜியின் படையில் அணிவகுத்துப் பழகியவர்களும் தோட்டங்களில் இருந்த காலம் அது. குடியை விடு, நிமிர்ந்து நட என்பது அவர்கள் கொள்கை. கள்ளுக்கடை முன்னே மறியல் செய்தார்கள். 1947 தொடக்கத்தில் பீடோங்கில் போலீசாரோடு மோதல் உண்டாயிற்று. தலைவர்களைப் பிடித்துச் சிறையிலிட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் கெடாவின் டப்ளின் தோட்டத்தில் போலீசார் சுட்டதில் தொழிலாளி ஒருவர் இறந்தார். டப்ளின் அயர்லாந்தின் தலைநகரம். அயர்லாந்தில் ஆங்கில ஆட்சி எப்படிக் குலைந்தது என்பதுதான் ஃபாரலின் மூன்று நாவல்களில் முதலாவது. எங்கிருந்தோ பெயரைக் கொண்டுவந்து இங்கே தோட்டத்துக்கு வைத்தார்கள், கதையும் கூடவே வந்துவிட்டது.

நாடகம் ஒளிபரப்பானபோது இங்கிலாந்தில் ஒரு சர்ச்சை எழுந்ததையும் சொல்லிவிடுகிறேன். அங்குள்ள கிழக்காசிய நடிகர் அமைப்பு ஒன்று, ஆசிய மக்களின் துயரத்தைப் பின்னணித் திரையாக வைத்து வெள்ளையரின் கதையையே சொல்கிறார்கள் என்று கண்டித்தது. ஹாம்ப்டன், காலனி ஆட்சியை இதைவிடக் கடுமையாகத் தாக்கிய நாவல் அரிது, அதைப் புரிந்துகொள்ளாமல் பேசுகிறார்கள் என்று பதிலளித்தார். இரண்டிலும் உண்மை இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆண்டையை அவன் வீட்டுக்குள் புகுந்து அம்பலப்படுத்துவது ஒரு பெரிய கலை. அந்த வீட்டுக்குள்ளேயே ஆறு பகுதியும் முடிந்துவிட்டால், வெளியே நின்றவன் கடைசிவரை வெளியேதான் நிற்கிறான். நல்ல எண்ணத்தோடு எழுதினாலும் இந்தக் குறை நேரும். ஃபாரலின் கோபம் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அவருடைய கண்ணாடி திரும்பியிருந்த பக்கம்தான் அது.

அவரும் இதை உணர்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சான்று, நாவலின் கடைசிப் பக்கங்கள். போர்க் கதை முடிந்த பிறகு ஃபாரல் திடீரென்று காலத்தைத் தாண்டுகிறார். 1976 டிசம்பர் மாதம், இங்கிலாந்தில் ஒரு காலை உணவு மேசை. ஒருவர் நாளிதழ் படிக்கிறார். அதில் தோட்டத் தொழிலாளர்களின் குறைந்த கூலியைப் பற்றிய ஒரு செய்தி வருகிறது. சிங்கப்பூர் விழுந்தது, பேரரசு போனது, கொடிகள் மாறின, மேசைக்கு அந்தச் செய்தி வந்து சேர முப்பத்து நான்கு ஆண்டு ஆயிற்று. அத்தனை பக்கங்களில் முதலாளிகளைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டியவர், கடைசியில் சிரிப்பை நிறுத்திவிட்டு, மரம் வெட்டுகிறவர் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்க்கிறார்.

இந்தப் பக்கங்களை நூலகத்தில் எடுத்து வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். எந்த வருஷம் என்றார். எழுபத்தாறு என்றேன்.

"எழுபத்தாறா?" என்று சற்று யோசித்தார். "அப்ப நான் புதுக்காட்டுல வெட்டிக்கிட்டிருந்தேன். உங்க அக்காவ ஆயாக் கொட்டகையில விட்டுட்டுப் போவேன். டிசம்பர்னா மழை. மழை பேஞ்சா வேலை இல்ல, வேலை இல்லன்னா சம்பளம் இல்ல."

கீரைத் தண்டைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "அதை அந்தப் பேப்பர்ல போட்டிருந்தானா?" என்று கேட்டார்.